ஆங்கிலப் பேச்சு வழக்கில் நொடிப்பொழுது: சில சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

ஆங்கில நாவல்களையும் நாடகங்களையும் மூலத்திற் படிக்கத் தொடங்கும் மாணவர் எவரும் வெகு விரைவில் எதிர்கொள்ளும் சொற்றொகுதி ஒன்றுண்டு. ஜிஃபி, ரிக், செக், மோ, ட்ரைஸ் ஆகியன அத்தொகுதியைச் சேர்ந்தவை. ஆட்டுக்குட்டி இருமுறை வாலாட்டும் நேரத்தில், ஜாக் ரொபின்சன் என்று சொல்லி வாய் மூடுமுன் என்றவாறான தொடர்களும் அவற்றோடு வைத்து எண்ணத்தக்கன. அகராதியைப் புரட்டினால் இவை யாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே விளக்கமே கிடைக்கும்: மிகக் குறுகிய காலம், பேச்சு வழக்கு. நமது வகுப்பறை மொழிபெயர்ப்புகளிலோ கணம், நொடி, இமைப்பொழுது என்னும் மூன்று சொற்கள் மாறி மாறி வந்து இத்தனை ஆங்கிலச் சொற்களுக்கும் பணி செய்கின்றன. இவ்விளக்கம் பிழையானது எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் ஒரே பொருளுக்கு ஒரு மொழி ஏன் இத்தனை சொற்களை வைத்திருக்கின்றது, வைத்திருப்பதோடு அமையாது ஏன் புதியனவற்றை ஆக்கிக்கொண்டே இருக்கின்றது என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை. இச்சொற்கள் காலத்தின் பெயர்கள்தாமா என்ற ஐயம் இங்கேதான் எழுகின்றது. இவை உண்மையிற் குறிப்பது இருவருக்கிடையே நிகழும் ஒரு கொடுக்கல் வாங்கலையே என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். காலத்தை அளக்கும் சொல்லெனின் அதனை இரட்டிக்கலாம், பாதியாக்கலாம். இரட்டித்தால் நீளவேண்டும், பாதியாக்கினாற் குறுகவேண்டும். இரண்டு மணித்தியாலம் ஒரு மணித்தியாலத்திலும் நீண்டது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஆங்கிலேயர் ஒருவர் ஒரு ரிக்கில் வருகிறேன் என்றாலும், இரண்டு ரிக்கில் வருகிறேன் என்றாலும், அரை ரிக் பொறு என்றாலும் கேட்பவர் எதிர்பார்க்கும் நேரம் ஒன்றே. மோ என்ற சொல்லிலும் அரை மோ என்பதே பெருவழக்கு. அரை மோ காத்திருந்தவர் முழு மோ காத்திருந்தவரிலும் முந்தி விடுதலை பெற்றார் எனக் கொள்ள இடமில்லை. இரண்டு ரிக் உண்டு. ஏழு ரிக் வழக்கில் இல்லை. ஆட்டுக்குட்டியின் வாலும் பெரும்பாலும் இருமுறையே ஆடுகின்றது. மூன்று முறை என்பாரும் உளர். அதனால் அவர்கள் பிந்தி வருவதாகத் தெரியவில்லை. அளவைச் சொற்களின் இலக்கண உருவத்தை அணிந்துகொண்டு, அளவையின் கடமையை மட்டும் செய்ய மறுக்கும் சொற்கள் இவை.

இவற்றின் ஆட்சியும் குறுகியதே. ட்ரைஸ் என்பது இடைக்கால டச்சு மொழியில் கயிற்றை இழுத்து உயர்த்துதல் என்ற பொருளுடைய வினையோடு தொடர்புடையது. ஒரே இழுப்பு என்பது அதன் பழம்பொருள். பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் நேரப் பொருள் பெற்ற இச்சொல், இன்று ‘ஒரு ட்ரைஸில்’ என்ற ஒரு தொடருக்குள்ளே மட்டும் உயிர் வாழ்கின்றது. ஒரு ட்ரைஸ் பொறு என எவரும் கூறுவதில்லை. செக், மோ என்பனவோ பொறு என்ற வினையோடுதான் மிகுதியும் வருவன. ஆகவே, யார் யாரிடம் எந்தச் சந்தர்ப்பத்திற் சொல்கிறார் என்ற அடிப்படையில் இவற்றை வகைப்படுத்துவது பொருந்தும். கதை சொல்பவன் கேட்பவனுக்கு ‘ட்ரைஸில் அவன் மறைந்தான்’ என்கிறான். அது ஒரு நிலை. கடைப்பையன் வாடிக்கையாளருக்கு ‘ஜிஃபியில் கொண்டுவருகிறேன்’ என்கிறான். இங்கு சொல்பவன் கடன்படுகிறான். மேசைக்கப்பால் அமர்ந்திருப்பவர் தலை நிமிராமலே ‘ஒரு செக்’ என்கிறார். இங்கு சொல்பவர் மற்றவரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறார். ரிக், ஜிஃபி ஆகிய இரண்டும் பின்னைய இரு நிலைகளிலும் புழங்குமாயினும் இவ்வேறுபாடு அதனால் அழிந்துவிடுவதில்லை. அகராதி கூறும் மிகக் குறுகிய காலம் என்ற பொருள் முதல் நிலைக்கு மட்டுமே நேராகப் பொருந்துகின்றது.

இத்தகைய சொற்கள் கடிகாரம் ஆளும் கைத்தொழிற் சமுதாயத்தின் விளைவு என்று சிலர் கருதக்கூடும். இங்கிலாந்தின் வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967 இல் வெளியிட்ட, காலமும் வேலை ஒழுங்கும் கைத்தொழில் முதலாளித்துவமும் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை அத்தகைய எண்ணத்துக்கு இடமளிக்கும். கடிகாரத்துக்கு முற்பட்ட மக்கள் செய்யும் வேலையைக் கொண்டே பொழுதைக் கணித்தனர் என அவர் காட்டுகின்றார். மடகஸ்காரிற் சோறு வேகும் நேரம் ஏறத்தாழ அரை மணித்தியாலம். வெட்டுக்கிளி பொரியும் நேரம் ஒரு கணம். இங்கிலாந்திலும் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லும் நேரம் என்றனர். சலங்கழிக்கும் நேரம் என்ற அளவும் பதினைந்தாம் நூற்றாண்டில் இருந்தது; அது சற்றே ஆளுக்கேற்ப மாறும் அளவை என்று தொம்சனே நகைச்சுவையோடு குறிப்பிடுகின்றார். பின்னர் கடிகாரமும் ஆலையும் வந்து இப்பழைய பொழுதை வென்றன என்பது அவரது வாதத்தின் சாரம்.

வேலைத்தலத்தைப் பொறுத்தவரை இதனை மறுப்பதற்கில்லை. பேச்சு மொழியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இமை, வால், கயிற்று இழுப்பு, ஒருவன் பெயரை உச்சரித்தல் ஆகிய யாவும் உடலசைவுகள். கடிகாரத்துக்கு முற்பட்ட வகையைச் சேர்ந்தவை. ஜாக் ரொபின்சன் தொடர் ஃபனி பேர்ணியின் ‘எவலினா’ நாவலில் 1778 இலேயே காணப்படுகின்றது. 1785 இற் கொச்சைச் சொல்லகராதி வெளியிட்ட பிரான்சிஸ் குரோஸ், அயலார் வீடுகளுக்குச் சென்று, தம் வரவை வேலையாள் அறிவிக்குமுன்னரே புறப்பட்டுவிடும் பரபரப்பான கனவான் ஒருவரின் பெயரே அது என விளக்கினார். விளக்கம் கதை போன்றே தோன்றுகின்றது. இருந்தும் அதில் ஒரு நுட்பம் உண்டு. அங்கும் அளவுகோல் மனித வாய்தான். ரிக், செக் என்பன கடிகாரத்திற் பிறந்தவை என்பது உண்மையே. ரிக் என்பது கடிகாரத்தின் ஒலி. செக் என்பது செக்கனின் குறுக்கம். செக்கனோ மணித்தியாலத்தின் இரண்டாவது நுண்பகுதி எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் எச்சம். எனினும், கடிகாரம் பெற்ற இப்பிள்ளைகள் பேச்சு வழக்கினுள் நுழைந்தவுடன் ஆட்டுக்குட்டியின் வாலைப் போலவே நடந்துகொள்கின்றன. 1967 இல், தொம்சனின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில், செக்கன் என்பது சீசிய அணுவின் 9,192,631,770 கதிர்வீச்சு அலைவுகளுக்குரிய காலம் என அனைத்துலக அளவை மாநாடு வரையறுத்தது. அதனால் ‘ஒரு செக் பொறு’ என்ற தொடர் இம்மியும் திருத்தமடையவில்லை. ஆலையில் வென்ற கடிகாரத்தைப் பேச்சு தன் வசப்படுத்திக்கொண்டது என்றே கூறவேண்டும்.

மோ என்பதன் வரலாறு இதனினும் சுவையானது. அது மொமன்ற் என்பதன் குறுக்கம். 725 இற் காலக்கணிதம் பற்றி நூலெழுதிய பீட் என்னும் ஆங்கிலத் துறவி, மணித்தியாலமொன்றில் நாற்பது மொமன்ற் அடங்கும் எனக் கணித்தார். இன்றைய கணக்கிற் சராசரி தொண்ணூறு செக்கன். அளவை தேய்ந்து வெறுஞ்சொல்லாகி, வெறுஞ்சொல்லும் தேய்ந்து ஓரெழுத்தாகியது.

சொற்கள் இவ்வாறு தேய்வதேன்? ஆங்கிலத்தில் ‘சூன்’ என்ற சொல் இன்று விரைவில் என்று பொருள்படும். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் உடனே என்பதாகும். ‘பிரசன்ற்லி’ என்பதும் முன்னர் உடனே என்றிருந்து பின்னர் சற்று நேரத்தில் என்றாகியது. ‘அனன்’ என்பது ஒன்றில் என்ற பழந்தொடரிலிருந்து வந்து, உடனடியாக என்ற பொருள் தந்து, காலப்போக்கிற் பிறகு என்ற அளவுக்குத் தளர்ந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, இத்தனை சொற்களும் ஒரே திசையிற் சரிந்திருப்பது தற்செயலாகாது. உடனே என்று சொன்னவர்கள் உடனே வரவில்லை. நிறைவேறாத வாக்குறுதிகள் சொல்லை நீட்டிவிட்டன. நாணயத்தின் மதிப்புக் குறையக் குறையப் புதிய நாணயம் அடிக்கப்படுவது போலவே, உடனே என்ற பொருளுக்குப் புதிய சொற்கள் வேண்டப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஜிஃபி வந்தது. அது எங்கிருந்து வந்ததென இன்றுவரை எவரும் நிறுவவில்லை. பழங்கடன் எதுவும் இல்லாத அத்தகைய சொல்லே வாக்குறுதிக்கு வாய்ப்பானது.

இந்த வாக்குறுதியின் சமூகப் பின்னணியை நன்கு உணர்ந்தவர் ஷேக்ஸ்பியர். 1598 இல் அச்சேறிய ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் முதற்பகுதி, இரண்டாம் அங்கத்திலே தவறணைக் காட்சியொன்று வருகின்றது. பிரான்சிஸ் என்பவன் அங்கு மது ஊற்றிக் கொடுக்கும் பையன். இளவரசன் ஹாலும் அவன் தோழன் பொயின்ஸும் விளையாட்டொன்றைத் திட்டமிடுகின்றனர். இளவரசன் பிரான்சிஸைப் பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருக்க, பொயின்ஸ் பக்கத்து அறையிலிருந்து அவனை இடைவிடாது கூப்பிடுவான். கூப்பிடும்போதெல்லாம் பிரான்சிஸ் ‘அனன், அனன்’ என்று பதில் கொடுப்பான். காட்சியின் செயல் இவ்வளவே. நாடகத்தின் அரசியற் கதைக்கு இதனால் ஆவதொன்றுமில்லை என்பதால் இதனை வெறுங் கேலிக்காட்சியெனத் தள்ளிவிடுவோரும் உளர். காட்சியில் இடம்பெறும் எண்களை அவர்கள் கவனிக்கத் தவறுகின்றனர் என்றே நினைக்கிறேன்.

எவ்வளவு காலம் இன்னும் சேவை செய்ய வேண்டும் என இளவரசன் கேட்கிறான். ஐந்தாண்டுகளும் அதன் மேலும் என்று சொல்லத் தொடங்கும் பிரான்சிஸின் வாக்கியம் முடியுமுன் பொயின்ஸ் கூப்பிடுகிறான். ‘அனன்’ வந்து வாக்கியத்தை வெட்டுகின்றது. தன் ஐந்தாண்டுகளை ஒப்பந்தத்தினால் இழந்துவிட்டவன் அவன். அந்த இழப்பைச் சொல்லி முடிக்கும் நேரமும் அவனுக்கில்லை. ஒப்பந்தத்தை உதறி ஓடத் துணிவுண்டா என்று இளவரசன் சீண்டும்போதும் அவ்வாறே. பின்னர், பிரான்சிஸ் கொடுத்த ஒரு பென்னிச் சீனிக்கு ஆயிரம் பவுண் தருவதாகவும், வேண்டியபோது கேட்கலாம் எனவும் இளவரசன் கூறுகிறான். அந்நேரம் பொயின்ஸ் கூப்பிட, பிரான்சிஸ் பழக்கத்தால் ‘அனன்’ என்கிறான். இளவரசன் அதனைத் தனக்குரிய விடையாக வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறான்: உடனேயோ? உடனே முடியாது, நாளை பார்க்கலாம், அல்லது வியாழக்கிழமை. அடுத்த அறைக்கு அனுப்பப்பட்ட வாக்குறுதி இந்த அறையிற் கோரிக்கையாக மாற்றப்படுகின்றது. சேவகன் வாயில் அனன் என்பது தான் கொடுக்கும் சொல். தனக்காகக் கேட்கும் சொல்லாக அது இருக்கவே முடியாது. இளவரசனின் பகிடி முழுவதும் இந்த இயலாமையின் மீதே கட்டப்பட்டுள்ளது. இறுதியில் இருவரும் ஒருங்கே கூப்பிட, எப்பக்கம் போவதெனத் தெரியாது பிரான்சிஸ் திகைத்து நிற்கிறான். தவறணைக்காரர் வந்து, கூப்பிடுவது கேட்டும் நிற்கிறாயா என்று ஏசுகிறார். கிளியிலும் குறைந்த சொற்களையுடையவன் என்று இளவரசன் பின்னர் அவனை இகழ்வது நாடகத்துக்குப் பொருந்தலாம். அக்குறைவுக்குக் காரணமானவர்கள் யாரென்பதை அக்காட்சியைப் பார்த்தவர்கள் அறிவர்.

இதற்கு நேரெதிரான நிலையை 1914 இல் வெளிவந்த ஒரு கேலிச்சித்திரத்திற் காணலாம். பேர்ட் தோமஸ் என்ற ஓவியர், போர்முனைச் சிப்பாய்களுக்குப் புகையிலை அனுப்புவதற்காகப் பத்திரிகையொன்று திரட்டிய நிதிக்கென வரைந்தது அது. சாதாரணச் சிப்பாய் ஒருவன் சிரித்தவாறே தன் சுங்கானைப் பற்றவைக்கிறான். ஜேர்மனியச் சக்கரவர்த்தி கைசரை விளித்து, அரை மோ பொறு என்கிறான். அரை என்ற ஆங்கிலச் சொல்லின் முதலொலியை விழுங்கி, லண்டன் உழைப்பாளர் உச்சரிப்பிலேயே அது எழுதப்பட்டுள்ளது. பிரான்சிஸால் எவரையும் காத்திருக்கச் சொல்ல முடியவில்லை. இவன் சக்கரவர்த்தியைக் காக்க வைக்கிறான். நிதி சேர்க்கும் சித்திரம் என்பதையும், அச்சிப்பாய்களின் பொழுது யார் கையில் இருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. இருந்தும் இலட்சக்கணக்கானோரை அச்சித்திரம் கவர்ந்ததன் காரணம் அந்த ஓரெழுத்துச் சொல் அமர்ந்த இடமே.

இச்சொற்களை மெய்யான அளவைகளாக்கும் முயற்சியும் நடந்திருக்கின்றது. அமெரிக்க இரசாயனவியலாளர் கில்பேட் நியூட்டன் லூயிஸ், வெற்றிடத்தில் ஒளி ஒரு சென்ரிமீற்றர் செல்ல எடுக்கும் நேரத்துக்கு, அதாவது செக்கனின் ஏறத்தாழ 3,000 கோடியில் ஒரு பங்குக்கு, ஜிஃபி எனப் பெயரிட முன்மொழிந்தார். மின்னியலாளர் சிலருக்கு அது ஆடலோட்டத்தின் ஒரு சுற்று. 50 இல் அல்லது 60 இல் ஒரு செக்கன். லினக்ஸ் என்ற கணினி இயக்கமுறைமையிலும் அதே பெயருடைய எண்ணி உண்டு. அமைப்புக்கேற்ப அது செக்கனுக்கு 100 தடவையோ 250 தடவையோ 1,000 தடவையோ கூடும். துறைக்கொரு ஜிஃபி! ஆட்டுக்குட்டியின் வாலுக்கோ வேறு விதி வாய்த்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அணுகுண்டை ஆக்கிய பௌதிகவியலாளர், செக்கனின் 10 கோடியில் ஒரு பங்கை ‘ஷேக்’, அதாவது ஓர் ஆட்டு, என அழைத்தனர். அணுக்கருவின் குறுக்குப்பரப்பை அளக்கும் அலகுக்குக் களஞ்சியம் எனப் பொருள்படும் ‘பார்ன்’ என்ற பெயரைச் சூட்டியதும் அக்காலத்து அமெரிக்கப் பௌதிகவியலாளரே. தோட்டத்துச் சொற்களில் அவர்களுக்கு ஏனோ அத்தனை விருப்பம். சங்கிலித் தாக்கத்தில் நியூத்திரன்களின் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஓர் ஆட்டு. ஏறத்தாழ எண்பது தலைமுறைகளில் வெடிப்பு நிறைவுறும். எண்பது ஆட்டுகள் ஓர் ஆட்டின் எண்பது மடங்கு; செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. இரட்டித்தால் நீள்வதும் பாதியாக்கினாற் குறுகுவதும் இங்கேதான் நிகழ்கின்றன. 1945 ஓகஸ்ட் 6 ஆம், 9 ஆம் திகதிகளில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அந்த அளவை பயன்பட்டது. பொறு என்று சொல்லவோ வருகிறேன் என்று சொல்லவோ அந்த ஷேக்கினுள் எவருக்கும் இடமில்லை.

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். தமிழில் நொடி, இமை ஆகியவை பேச்சுவழக்கின் தளர்ந்த சொற்களாக மட்டும் வளர்ந்தவையல்ல. தொல்காப்பியர் நூன்மரபில் மாத்திரைக்கு இலக்கணம் கூறுமிடத்துக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையுமே அளவாகக் கொண்டார். அங்கு குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. அரை என்றால் உண்மையிலே அரை. கணக்கு நிற்கும் சொல்லை எடுத்துக் கணக்கு நில்லாத ஜிஃபிக்கு ஈடாக வைக்கும்போது, பேச்சிலிருந்த தளர்ச்சி போய் ஏட்டு மணம் வந்துவிடுகின்றது. கதை சொல்லும் நிலையில் இமைப்பொழுது பொருந்தும். வாக்குறுதி நிலையில் ‘ஒரு நொடியில் திரும்பி வருகிறேன்’ என்பது எந்த வீட்டிலும் எவரும் பேசாத தமிழ்.

நாம் பேசுவது என்ன? எழுந்து செருப்பைத் தேடும்போதே ‘இந்தா வந்திட்டன்’ என்கிறோம். ஆங்கிலேயர் பெயர்ச்சொல்லாற் செய்வதை நாம் வினையின் காலத்தாற் செய்கிறோம். வராதவர் வந்துவிட்டதாகக் கூறுகிறார். இது கொச்சையுமன்று, புதிதுமன்று. விரைவுப் பொருளில் எதிர்கால நிகழ்வையும் நிகழ்கால நிகழ்வையும் இறந்தகாலத்தாற் கூறலாம் எனத் தொல்காப்பிய வினையியல் விதிக்கின்றது. உரையாசிரியர் தரும் உதாரணமோ இன்றும் நம் வீடுகளில் நிகழ்வது: உணவு பிந்திய வேளையில், உடன்கொண்டு போக வந்தவன் இன்னும் உண்ணவில்லையோ எனக் கேட்க, உண்ணாதவன் உண்டேன், புறப்பட்டேன் என்கிறான். விதியை வகுத்தவர் விரைவு என்றார். உதாரணங் காட்டியவரோ கேட்கும் ஒருவனையும் சாட்டுச் சொல்லும் ஒருவனையும் எதிரெதிரே நிறுத்தினார். நமது மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்க்குமுன் வினையியலைப் பார்த்திருக்கலாம். பொறுக்கச் சொல்லும் நிலைக்கும் பெயர்ச்சொல் தேவையில்லை. ‘ஒருக்காப் பொறு’, ‘ஒருக்காப் பொறுங்கோ’ என்பன போதும். யார் யாரைக் காக்க வைக்கிறார் என்பதை வினைவிகுதியே காட்டிவிடும். இந்த வசதி ஆங்கிலத்துக்கு இல்லை.

பிரான்சிஸ் மட்டும் சிக்கலாகிறான். பொயின்ஸுக்கு அவன் கொடுக்கும் குரலை ‘வந்திட்டன் ஐயா’ என்றாக்கினால் ஓசையும் நிலையும் பொருந்தும். ஆயின் ஆயிரம் பவுண் எப்போது வேண்டும் என்பதற்கு ‘வந்திட்டன்’ விடையாகாது. இளவரசனின் பகிடி விழுந்துவிடும். ‘இப்ப ஐயா, இப்ப’ எனின் பகிடி நிற்கும். செய்யாததைச் செய்ததாகக் கூறும் அந்தப் பதற்றம் போய்விடும். எஞ்சியிருப்பது ‘இந்தா’ என்ற சொல். ‘இந்தா வாறன்’ என்பதில் அது உடனே என்று பொருள்படும். தனித்து வரும்போது பிடி, எடுத்துக்கொள் என்று பொருள்படும். பெரியவரிடம் பொருளை நீட்டுபவர் ‘இந்தாங்கோ’ என்றே சொல்லவேண்டும். ஆகவே பிரான்சிஸ் பக்கத்து அறையை நோக்கி ‘இந்தா ஐயா, இந்தா’ என்று கத்த, முன்னால் நிற்கும் இளவரசன் அதனைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, மரியாதையின்றி எதை நீட்டுகிறாய் என்பவன் போல அவனது வெறுங்கையைப் பார்க்கலாம். வியாழக்கிழமை பற்றிய பேச்சை அதன் பின்னர் தொடங்கலாம்.